யார் செய்த பாவம்?

குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், நம் ஊர்களில் அதன் எடையைக் கேட்போர் சிலரே. யார் செய்த பாவம் என்று கேட்போர் பலர். சிலர் வாய்விட்டுக் கேட்கின்றனர். சிலர் பெருமூச்சாக விடுகின்றனர். இன்னும் சிலர் தொட்டிலை எட்டிப் பார்த்து, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுகின்றனர். அந்த மௌனத்திற்குள்ளும் அதே கேள்வி இருப்பதைப் பிள்ளை பெற்றவள் அறிவாள்.

இக்கேள்வியைக் கத்தோலிக்கர் கேட்கலாகாது என்பதே நமது வாதம். ஆண்டவர் இயேசுவிடம் நேருக்கு நேராகக் கேட்கப்பட்டு, அவரால் ஐயத்துக்கு இடமின்றித் தள்ளப்பட்ட கேள்வி இது. அவர் தள்ளியதை நாம் எடுத்துவந்து நம் வீட்டு மாடத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம். இதை அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது. நற்செய்தி ஆண்டுதோறும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது.

ஒரு குடும்பமும் நான்கு தீர்ப்புகளும்

பேரையூர் வட்டாரத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பம். கரிசல் நிலத்தில் பருத்தி விதைத்து, மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போய்வரும் குடும்பம். தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. முதுகின் அடிப்பகுதியில் தோல் மூடாமல், மெல்லிய சவ்வு மட்டும் போர்த்திய ஒரு புடைப்பு, எலுமிச்சம்பழ அளவில். கால்களில் அசைவு இல்லை. மருத்துவர் அதை முதுகுத்தண்டுப் பிளவு என்றார். அன்றே 108 ஊர்தியில் குழந்தையை மதுரைக்குக் கொண்டுபோயினர். இரண்டாம் நாள் முதுகில் அறுவை நடந்தது. சில வாரங்களுக்குப் பின் தலையில் நீர் கோத்தது. அந்நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாய் ஒன்றைப் பொருத்த மீண்டும் ஓர் அறுவை. தாய்க்கு அப்போது வயது இருபத்திரண்டு.

மருத்துவமனையில் அவர்கள் பட்ட பாட்டை விட, ஊரில் கேட்ட சொற்களே அவர்களை அதிகம் உடைத்தன. நான்கு தீர்ப்புகள் வழங்கப்பட்டன.

முதல் தீர்ப்பு, தந்தையின் தாயிடமிருந்து வந்தது. "எந்தச் சென்மத்துல யாரு செஞ்ச பாவமோ!" நாள் தவறாமல் செபமாலை சொல்லும் அம்மையார் அவர். ஞாயிறுதோறும் உடலின் உயிர்ப்பை விசுவசிப்பதாக அறிக்கையிடுகிற ஒருவருக்கு முற்பிறவி எங்கிருந்து வந்தது? சாவு ஒரு முறை, அதன்பின் இறைவனின் தீர்ப்பு என்று கற்ற நாம், துன்பம் வந்தவுடன் மறுபிறவிக் கணக்கை எடுத்துப் புரட்டுகிறோம்.

இரண்டாம் தீர்ப்பு, பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து. கிரகணத்தன்று இவள் வெளியே நடமாடினாளாம். கத்தியால் காய் அரிந்தாளாம். நிலவின் நிழல் பூமியின்மீது விழுவதற்கும் கருவின் முதுகெலும்பு மூடாமல் போவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் நம் இல்லங்களில் உதடு பிளந்த குழந்தை பிறந்தால், பஞ்சாங்கத்தைப் பார்க்கும் கத்தோலிக்கர் இன்றும் உளர்.

மூன்றாம் தீர்ப்பு, ஒரு குணமளிக்கும் கூட்டத்திலிருந்து. மூன்று நான்கு தலைமுறைக்கு முன் முன்னோர் செய்த பாவம் சாபக்கட்டாக இறங்கியிருக்கிறது. முன்னோரின் பெயர்களை எழுதிக் கொண்டுவாருங்கள், அறுத்துவிடுகிறோம் என்றனராம். கைக்குழந்தையின் தையல் ஆறுமுன், பெற்றோர் தாத்தாவின் பாவங்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தனர். இது ஏதோ நம் வட்டாரத்து வழக்கம் என்று எண்ண வேண்டாம். பல நாடுகளில் பரவிய போதனை இது. 2024-ஆம் ஆண்டு இசுபெயின் நாட்டு ஆயர்கள், தலைமுறைச் சாபத்தைக் குணமாக்குதல் என்னும் இவ்வழக்கம் திருச்சபையின் போதனைக்கு ஒவ்வாது என்று கோட்பாட்டுக் குறிப்பே வெளியிட வேண்டியதாயிற்று. பாவம் ஒருவர் தம் விருப்பத்தால் செய்வது. அது இரத்தத்தில் இறங்கி வருவதன்று. பிறப்புநிலைப் பாவம் ஒன்றே மனித இனத்தில் வழிவழியாக வருவது. அதைத் திருமுழுக்கு முற்றிலும் போக்குகிறது. திருமுழுக்குப் பெற்ற குழந்தைமேல் இன்னும் ஒரு சாபம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பவர், அருளடையாளத்தின் ஆற்றலையே மறுதலிக்கிறார்.

நான்காம் தீர்ப்பு, பக்திமான் ஒருவரிடமிருந்து. கேட்பதற்கு இனியது: "தாங்கக் கூடியவங்களுக்குத்தாம்மா ஆண்டவர் சிலுவையைக் குடுப்பார்." அவர் நல்ல மனத்துடன்தான் சொன்னார். ஆயினும், ஒரு சிசுவின் முதுகெலும்பைப் பிளந்து அதன் தாயின் பொறுமையைச் சோதிக்கும் கடவுள் எத்தகைய கடவுள்? அவரை எப்படித் தந்தை என்று அழைப்பது? சிலுவையை ஒருவர் தாமே தோளில் ஏற்றுக்கொள்ளலாம்; அடுத்தவர் தோளில் அதைத் தூக்கிவைக்க நமக்கு உரிமை இல்லை. சீரேன் ஊர்ச் சீமோன் ஆண்டவருக்குச் சிலுவையைப் பற்றி எடுத்துரைக்கவில்லை. சுமந்தார்.

இந்நான்கையும் கேட்டபின் அத்தாய் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் என்ன சாமி செஞ்சேன்?" நீ ஒன்றும் செய்யவில்லையம்மா என்று நாம் சொன்னதை அவள் நம்புவதற்கு ஓராண்டு ஆயிற்று. ஒருவர் சொல்லுக்கு எதிராக ஓர் ஊரின் சொல் நின்றது.

வேதம் சொல்வது என்ன?

விடுதலைப் பயண நூலில் (20:5), தந்தையரின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்றிருக்கிறதே எனச் சிலர் கேட்கின்றனர். உண்டு. ஆனால் வேதத்தை அந்த வரியோடு மூடிவைக்க முடியாது. பிள்ளைகளுக்காகத் தந்தையரோ தந்தையருக்காகப் பிள்ளைகளோ கொல்லப்படலாகாது என்று இணைச்சட்ட நூல் (24:16) விதித்தது. பெற்றோர் புளித்த திராட்சை தின்றதால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பழமொழியை இனி இஸ்ரயேலில் சொல்லவே கூடாது என்று எசேக்கியேல் (18-ஆம் அதிகாரம்) ஆண்டவரின் பெயராலேயே தடுத்தார். எரேமியாவும் (31:29-30) அதையே அறிவித்தார். யோபுவின் நண்பர்கள் துன்பம் யாவும் தண்டனை என்று வாதாடினர். முடிவில் ஆண்டவர் அந்நண்பர்கள்மீதே சினங்கொண்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனிதத் துன்பத்தின் பொருள் குறித்து 1984-ஆம் ஆண்டு வெளியிட்ட திருத்தூது மடலில், யோபுவை முன்னிறுத்தி, துன்பம் அனைத்தும் குற்றத்தின் விளைவன்று என்று தெளிவாகப் போதித்தார்.

யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்திற்கு வருவோம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவன் பாவமா, பெற்றோரின் பாவமா என்று கேட்டனர். இரண்டும் இல்லை என்றார் இயேசு. அடுத்த சொற்களைத்தான் நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர்: கடவுளின் செயல் வெளிப்படுவதற்காகவே அவர் குருடராகப் பிறந்தார் என்பது போல. பழங்காலக் கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் நிறுத்தக்குறிகள் இல்லை. ஆகவே மறையியல் வல்லுநர் சிலர் அவ்விடத்தை வேறு விதமாகவும் வாசிக்கின்றனர். பாவம் யாருடையதும் அன்று என்று சொல்லி ஆண்டவர் வாக்கியத்தை முடித்துவிடுகிறார். பிறகு, கடவுளின் செயல் இவரிடம் வெளிப்பட வேண்டுமாயின் பகல் உள்ளபோதே நாம் உழைக்க வேண்டும் என்று புதிதாகத் தொடங்குகிறார். நான் என்று அவர் சொல்லவில்லை. சிறந்த படிகளில் நாம் என்றே உள்ளது. சீடர்களையும் சேர்த்துக்கொண்டார். அதன்பின் விளக்கம் ஏதும் தரவில்லை. தரையில் உமிழ்ந்து சேறுண்டாக்கி, அம்மனிதரின் கண்களில் பூசி, சிலோவாம் குளத்துக்கு அனுப்பினார்.

சிலோவாம் என்ற பெயர் லூக்கா நற்செய்தியிலும் (13:4) வருகிறது. அங்கே கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மடிந்தனர். அவர்கள் மற்றவரை விடப் பெரும் பாவிகளோ என்ற எண்ணத்தையும் இயேசு அங்கே மறுத்தார். குளமும் கோபுரமும் ஒரே இடத்தின் பெயரைத் தாங்கி, ஒரே பாடத்தைச் சொல்கின்றன.

திருச்சபையின் நினைவில் இருப்பவர்கள்

உடற்குறை உள்ளவர் பலிபீடத்தை அணுகலாகாது என்று லேவியர் நூல் (21:16-23) கூறியது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் உடற்குறை குருப்பட்டத்திற்கு ஒரு தடையாக இடம்பெற்றிருந்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. திருச்சபை கற்றுக்கொண்டது. அதன் பிள்ளைகளாகிய நாம் கற்றுக்கொண்டோமா?

இத்தாலியில் 1287-இல் பிறந்த மார்கரீத் என்னும் பெண்குழந்தைக்குப் பார்வை இல்லை, முதுகு வளைந்திருந்தது, உருவம் குறுகியிருந்தது. பெற்றோர் செல்வர். ஊரார் பார்வைக்கு அஞ்சி, மகளை ஒரு சிற்றாலயத்தை ஒட்டிய அறையில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்தனர். பின்னர், புதுமைகள் நடப்பதாகக் கேள்விப்பட்டு, சித்தா தி காஸ்தெல்லோ என்ற நகருக்கு அழைத்துச் சென்றனர். புதுமை நடக்கவில்லை. மகளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினர். அவ்வூரின் ஏழைக் குடும்பங்கள் அப்பெண்ணை மாறிமாறி வளர்த்தன. தோமினிக்கன் மூன்றாம் சபையில் சேர்ந்து, நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் பணிசெய்து, 1320-இல் 33 வயதில் இறந்தார். 2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். குணமாகவில்லை என்று பெற்றோர் கைவிட்ட மகளைத் திருச்சபை பலிபீடத்தில் ஏற்றியது. குணமளிக்கும் கூட்டங்களுக்கு ஊர் ஊராகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலைவோரும், அவர்களை அலையவைப்போரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொருவர், செருமானிய நாட்டு ரைக்கனாவ் மடத்துத் துறவி ஹெர்மன். 1013-இல் பிறந்து 1054-இல் இறந்தவர். சிறு வயது முதலே நடக்க இயலாதவர், பேச்சும் தெளிவற்றது. ஏழாம் வயதில் மடத்தில் சேர்க்கப்பட்டு, கணிதத்திலும் வானியலிலும் இசையிலும் நூல்கள் எழுதினார். செபமாலையின் முடிவில் நம் குடும்பங்கள் சொல்லும் கிருபை தயாபத்து மந்திரத்தை இயற்றியவர் அவரே என்பது நெடுங்கால மரபு. முற்பிறவிப் பாவம் என்று புலம்பிய அதே வாய், அன்றிரவு அந்த மந்திரத்தையும் சொல்கிறது.

அறிவும் இறைவனின் கொடையே

பாவத்தைத் தேடுவோர் காரணத்தைத் தேடுவதில்லை. இதுவே இக்கேள்வி செய்யும் பெருந்தீங்கு.

டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்தால், ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் பெற்றோரின் ஒழுக்கக் கேட்டைச் சந்தேகித்தனர். 1958-இல், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பன் ஆகியோருடன் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் செரோம் லெசேன், அக்குழந்தைகளின் உயிரணுக்களில் 46-க்குப் பதிலாக 47 குரோமோசோம்கள் இருப்பதைக் கண்டார். 1959-இல் அது வெளியாயிற்று. தாய்மார் தலைமேலிருந்த பழி அன்றோடு அறிவியல்படி நீங்கியது. ஆழ்ந்த கத்தோலிக்கரான லெசேன் 2021-இல் வணக்கத்துக்குரியவராக அறிவிக்கப்பட்டார்.

நமது மலையாளத்து அண்டைவீட்டையும் பார்ப்போம். காசர்கோடு மாவட்டத்தில் அரசு முந்திரித் தோட்டங்கள்மீது 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000-ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. அடிவாரச் சிற்றூர்களில் குறையுள்ள குழந்தைகள் பிறந்தபோது, மக்கள் தங்கள் ஊர்த் தெய்வத்தின் சாபம் என்று எண்ணிக் கிடந்தனர். ஊர் மருத்துவர் ஒருவரும் எழுத்தாளர் ஒருவரும் வானத்திலிருந்து விழும் மருந்தைச் சுட்டிக்காட்டிய பிறகே வழக்கு எழுந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடைசெய்தது. 2017-இல் பாதிக்கப்பட்டோர்க்கு ஐந்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. சாபம் என்று நம்பியிருந்தவரை, குற்றம் செய்தவர்கள் நிம்மதியாக இருந்தனர்.

நம் பேரையூர்க் குழந்தைக்கு வந்த முதுகுத்தண்டுப் பிளவைப் பற்றியும் இன்று ஓரளவு தெரியும். கரு உருவான 28 நாட்களுக்குள், பல தாய்மார் தாம் கருவுற்றிருப்பதையே அறியுமுன், தண்டுவடக் குழல் மூடிவிட வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் உதவுகிறது. 1991-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு, முன்பு இக்குறையுள்ள பிள்ளை பெற்ற தாய்மார் கருவுறுமுன்பிருந்தே இம்மாத்திரையை உண்டால், மீண்டும் நேர்வது நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. மாத்திரை உண்ணாதது தாயின் குற்றம் என்று இதைத் திருப்பிவிடாதீர்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. திருமண ஆயத்தப் பயிற்சியில் நாம் சொல்லியிருக்கலாகாதா?

உறவுத் திருமணத்தையும் பேசியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. திருச்சபைச் சட்டம் 1091, பக்கவழி உறவில் நான்காம் படி வரை திருமணத்தைத் தடைசெய்கிறது. தாய்மாமனும் மருமகளும் மூன்றாம் படி. அத்தை மகனும் மாமன் மகளும் நான்காம் படி. எனினும் ஆயர் விலக்கு அளிக்கலாம் என்பதால், சொத்து பிரியக்கூடாது, சீர் குறையும் என்று விண்ணப்பங்கள் வந்தவண்ணம் உள்ளன. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறவிக் குறைக்கான வாய்ப்பு பொதுநிலையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. எல்லாக் குறைக்கும் உறவு காரணமன்று; உறவில் மணந்தோரில் பெரும்பாலோர்க்கு நலமான பிள்ளைகளே பிறக்கின்றன. ஆயினும் மணமுடிக்கும்வரை இதைப் பேசாமலிருந்துவிட்டு, பிள்ளை பிறந்தபின் பாவத்தைப் பேசும் பெரியவர்களை என்னவென்பது?

வாய்க்கு முன் கை

நம் அண்டை உசிலம்பட்டி வட்டாரம் 1980-களில் பெண் சிசுக்கொலையால் நாடெங்கும் பெயர் கெட்டது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அக்காலத்தில் பெண்ணாய்ப் பிறப்பதே குறை என்றிருந்தது. குறையோடு பிறந்த பெண்ணுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று கருவிலேயே படம் எடுக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, கடுமையான குறை உண்டென மருத்துவக் குழு உறுதிசெய்தால் எத்தனை வாரமானாலும் கருவைக் கலைக்கலாம். இது கொலை என்று நாம் பீடத்தில் நின்று முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால் அக்குழந்தையைக் கலைக்காமல் பெற்றெடுத்த தாயை நம் அன்பியங்கள் எப்படி நடத்துகின்றன என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறந்த பிள்ளையைப் பாவத்தின் சின்னமாகப் பார்க்கும் ஒரு பங்கு, பிறவாத பிள்ளைக்காகப் பேசுவதை யார் கேட்பார்?

ஆகவே செய்யவேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, திருமுழுக்கு. "பொழைக்குதான்னு பாத்துட்டுக் குடுத்துக்கலாம்" என்று பேரையூர்க் குடும்பத்திலும் சொன்னார்கள். சட்டம் 867 நேர்மாறாகச் சொல்கிறது: உயிராபத்தில் உள்ள குழந்தைக்குத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். குரு வர இயலாவிடில் செவிலியரோ தந்தையோ, யாராயினும், உரிய கருத்தோடு தண்ணீர் ஊற்றி உரிய வாய்பாட்டைச் சொல்லலாம். கொடுக்குமுன் குழந்தை இறந்துவிட்டால், அதைக் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் இருட்டில் புதைக்க வேண்டியதில்லை. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்கக் கருதியிருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கச் சடங்கு நடத்தலாம் என்கிறது சட்டம் 1183. அத்தகைய குழந்தைகளின் மீட்பை நம்பிக்கையோடு எதிர்நோக்க இடமுண்டு என்று 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையமும் கூறிற்று.

இரண்டாவது, வழிகாட்டல். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம், பிறவிக் குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை பெற்றுத்தருகிறது. முதுகுத்தண்டுப் பிளவு, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், பிறவி இதயநோய், பிறவிக் கண்புரை, காது கேளாமை யாவும் அதில் அடங்கும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்கு மாத உதவித்தொகை உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் தொடங்கும் வழி தெரியும். மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் இவ்விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, உடனிருத்தல். மதுரைக்கு மாதம் இருமுறை பேருந்தில் போகும் தாய்க்கு, வீட்டில் உள்ளவர்களுக்குச் சோறாக்கிப் போட ஒருவர் வேண்டும். மருத்துவமனை வரிசையில் நிற்க இன்னொருவர் வேண்டும். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். முறைவைத்துக்கொண்டால் போதும்.

நான்காவது, தந்தையரே, உங்களுக்கு. மனைவியையும் பிள்ளையையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் எட்டிப்பாராதவர் நம்மிடையே உண்டு. திருமண நாளில் இன்பத்திலும் துன்பத்திலும் என்று வாக்குரைத்தது சடங்குக்காக அன்று. பேரையூர் இளைஞரிடமும் அவர் சுற்றத்தார் அதையே சொன்னார்கள். "ரெண்டு பேரும் எங்கூடத்தான் இருப்பாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அவர். இறையியல் கற்காத மனிதர்.

உலகில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு ஏதோவொரு பிறவிக் குறையுடன் பிறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எனவே அடுத்த குழந்தை நம் பங்கிலேயே, நம் தெருவிலேயே பிறக்கக்கூடும். பேரையூர்க் குழந்தைக்கு இப்போது நான்கு வயது. காலில் தாங்கு கருவி மாட்டி, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போகிறாள். முழுமையாக நடப்பாளா என்று மருத்துவர்கள் உறுதி சொல்லவில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் மீண்டும் அறுவை வேண்டியிருக்கும். அவளுடைய தாய் இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மதுரைக்குப் போகும் நாளில் துணைக்கு யார் வருகிறீர்கள் என்று மட்டும் கேட்கிறாள். அதற்கு விடைசொல்ல வேண்டியவர்கள் நாம்.